அட்டையில் 5.1, உள்ளே எத்தனை?

நம்ம பக்கம் "டிடிஎஸ்" என்பது ஒரு கம்பெனியின் பெயர் என்று நிறைய பேருக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுவர்களில் ஒட்டிய சினிமா போஸ்டர்களில், தியேட்டர் பெயருக்குப் பக்கத்தில் "ஏசி டிடிஎஸ்" என்று போட்டிருப்பார்கள். டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்பிபிஎஸ் வருகிற மாதிரி, தியேட்டர் படித்து வாங்கிய பட்டம் அது. அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம், சத்தம் நல்லா இருக்கும் என்பது. இன்னும் சரியாகச் சொன்னால், சத்தம் பெருசா இருக்கும்.

அந்த மூன்று எழுத்துகள் தியேட்டர் சுவரிலிருந்து இறங்கி டிவிடி அட்டையில் ஏறிய கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். என்னிடம் இருக்கும் பழைய தமிழ் டிவிடிகளைக் கொஞ்ச நாளாக ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் போட்டு ஒலியை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தவரைக்கும் என் முடிவு இது: அட்டையில் இருக்கிற "5.1" என்ற எண், உள்ளே இருக்கும் ஒலியைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. பாத்திரத்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. ஆறு அறை உள்ள டிபன் கேரியர் என்று எழுதியிருக்கிறது. ஆறிலும் ஒரே சோறா, ஆறு வகைக் கறியா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் அந்த எண். 5 என்பது ஐந்து முழு சேனல்கள். முன்னால் இடது, நடு, வலது. பின்னால் இடது, வலது. அந்த ".1" என்பது அடிச்சத்தத்துக்கு மட்டும் உள்ள தனிச் சேனல். ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் அது சுமக்கும். முழுச் சேனலோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னப் பகுதி என்பதால் பத்தில் ஒன்று என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெடி, இடி, லாரி உருமல் எல்லாம் அங்கே போகும். வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில். பின்னால் உள்ள இரண்டும் சுற்றுப்புறத்துக்கு.

சுற்றுப்புறம் என்றால் என்ன என்று கேட்பவர்கள் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்றிருந்தால் போதும். தேர் இன்னும் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ மேளம் கேட்கும், கூட்டத்தின் குரல் ஒரு பக்கமாக உயரும், உங்களை அறியாமலே தலை திரும்பும். தலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காதுக்குச் சொல்வதுதான் சரவுண்ட். சத்தம் எவ்வளவு பெருசு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது டிடிஎஸ். 1993 இல் ஜுராசிக் பார்க் படத்தோடு தியேட்டருக்கு வந்த முறை இது. இதில் ஃபிலிமில் டிஜிட்டல் ஒலி இருக்காது. ஒரு நேரக் குறியீடு மட்டும் ஓரத்தில் ஓடும். ஒலி தனியாக சிடி-ராமில் வரும். புரொஜக்டர் அந்தக் குறியீட்டைப் படித்து, சிடியைப் படத்தோடு சேர்த்து ஓட்டும். சிடி மக்கர் பண்ணினால் ஃபிலிமில் உள்ள சாதாரண ஆப்டிகல் டிராக்குக்குத் தானாக மாறிக்கொள்ளும். நம் தியேட்டர்களுக்கு இதைக் கொண்டுவந்தது சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம். பின்னாளில் க்யூப் என்ற டிஜிட்டல் புரொஜக்ஷன் மூலம் எல்லாருக்கும் தெரிந்த அதே ஆட்கள்தான். 1996 இல் வந்த கருப்பு ரோஜா டிடிஎஸ்ஸில் வந்த முதல் தமிழ்ப் படம். அதற்கு முந்தைய வருஷம் கமல்ஹாசனின் குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோவில் வந்திருந்தது. அதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. தியேட்டர் டிடிஎஸ்ஸும் டிவிடி டிடிஎஸ்ஸும் பெயரளவில்தான் ஒன்று. ஒலியைச் சுருக்கும் முறை இரண்டிலும் வேறு வேறு. தியேட்டர் முறையில் சப் ஊஃபருக்குத் தனிச் சேனலே கிடையாது. அடிச்சத்தத்தைப் பின் சேனல்களோடு சேர்த்து வைத்து, ஓட்டும்போது பிரித்து எடுப்பார்கள். டிவிடியில் வருவது வீட்டுக்கென்றே செய்த வேறு முறை. ஆக "தியேட்டரில் கேட்ட அதே டிடிஎஸ் உங்கள் வீட்டில்" என்ற விளம்பரம் முதல் வரியிலேயே தப்பு. தியேட்டருக்காகச் செய்த கலவை, அதாவது மிக்ஸிங், அப்படியே வீட்டுக்கு வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தால் அது பெரிய விஷயம். ஆனால் அதை உறுதிப்படுத்துவது டிடிஎஸ் என்ற முத்திரை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு விசிடி அட்டையிலேயே டிடிஎஸ் முத்திரை இருக்கிறது. விசிடியில் ஒலிக்கு இரண்டு சேனல், 224 கிலோபிட், அவ்வளவுதான் இடம். ஐந்து சேனல் வைக்க அங்கே வழியே கிடையாது. பிறகு புரிந்தது: அட்டை வடிவமைத்தவர் சினிமா போஸ்டரை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். முத்திரை போஸ்டரோடு சேர்ந்து வந்துவிட்டது. அது தியேட்டருக்குப் பொய் இல்லை, சிடிக்குத்தான் பொய்.

இப்போது என் வட்டுகள். அதில் ஒன்று, எண்பதுகளில் வந்த ஒரு படம். பெயர் வேண்டாம், படத்தின் மேல் குற்றம் இல்லை, வட்டு போட்டவர் பெயரும் இங்கே தேவையில்லை. அட்டையில் டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 இரண்டும் இருக்கின்றன. அந்தப் படம் வந்த காலத்தில் நம் படங்களில் பெரும்பாலானவை மோனோதான். 1986 இன் மாவீரன் மாதிரி 70 எம்எம், ஆறு டிராக் என்று வந்தது அபூர்வம். பாட்டு வேறு கதை; 1978 இல் ப்ரியா பாடல்களையே ஸ்டீரியோவில் பதிவு செய்துவிட்டார் இளையராஜா. ரெக்கார்டில் ஸ்டீரியோ, திரையில் மோனோ என்று பல வருஷம் ஓடியிருக்கிறது. ஆக நான் சொல்கிற படத்தின் வசனமும் பின்னணி இசையும் ஒரே ஒரு ஆப்டிகல் டிராக்கில் இருந்தவை.

ஒரு டிராக் எப்படி ஆறானது? ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஆறு அலைகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். உண்மையான 5.1 கலவையில் ஆறும் ஆறு விதமாக இருக்கும். நடுச் சேனலில் ஆள் பேசும்போது மட்டும் அலை எழும்பும். பின் சேனல்கள் படத்தின் பெரும்பகுதி நேரம் கிட்டத்தட்ட கோடு போட்ட மாதிரி கிடக்கும். மழையோ சந்தையோ பாட்டோ வந்தால் உயிர் பெறும். சப் சேனல் அதைவிட அமைதி. இந்த வட்டில் ஆறும் ஒரே அச்சு. முன் இடதை எடுத்து, "இன்வர்ட்" கட்டளையால் தலைகீழாக்கி, முன் வலதோடு கூட்டினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு மௌனம்தான் மிஞ்சும். கிட்டத்தட்ட மௌனம் மிஞ்சியது; சுருக்கியதால் வந்த லேசான இரைச்சல் மட்டும். பின் சேனல் இரண்டும் அதே ஒலி, கொஞ்சம் தாமதப்படுத்தி, கொஞ்சம் குறைத்து. சப் சேனல் அதே ஒலியின் அடிப்பகுதியை வடிகட்டி வைத்தது. கதாநாயகியின் வசனம் ஐந்து பக்கமிருந்தும் வருகிறது. கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி ஒரு எதிரொலி. பாவம், அந்த டப்பிங் கலைஞர் அப்படிப் பேசவில்லை.

சரி, மோனோவை ஆறாக்கினால் யாருக்கு என்ன நஷ்டம், பிடிக்காவிட்டால் கேட்காமல் போயேன் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது, கணக்குப் போட்டே காட்டலாம். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு அதைப் பிரித்தால் நொடிக்கு ஏறக்குறைய 4.2 மெகாபிட். இதற்குள் படமும் ஒலியும் அடங்க வேண்டும். டிவிடியில் முழு வேக டிடிஎஸ் மட்டும் 1.5 மெகாபிட். கூடவே டால்பி டிஜிட்டல் 448 கிலோபிட். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 2 மெகாபிட் போய்விட்டது. படத்துக்கு மிஞ்சியது பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஆறு சேனலிலும் இருப்பது ஒரே மோனோ. அதை ஒழுங்காக வைக்க 192 கிலோபிட் தாராளம். அதாவது இல்லாத சரவுண்டுக்கு இடம் கொடுக்க, இருக்கிற படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்திருக்கிறார்கள். கூட்டக் காட்சியில் முகங்கள் சதுரம் சதுரமாகத் தெரிகிறதே, "பிரிண்ட் சரியில்லை" என்று சொல்வோமே, சில வட்டுகளில் அதற்குக் காரணம் பிரிண்ட் இல்லை, அட்டைதான். இரட்டை அடுக்கு, 8.5 ஜிபி வட்டில் போட்டவர்கள் இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் விற்ற மூன்று படம் ஒரே சிடியில் சமாச்சாரத்தைப் பற்றி நான் கணக்கே போடவில்லை, போடவும் தேவையில்லை.

"ஆனா டிடிஎஸ்ல போட்டா நல்லா கேக்குதேண்ணே" என்று என் தம்பி முறை ஒருத்தன் விடாமல் வாதாடுவான். அவன் காது பொய் சொல்லவில்லை. பெருசாகக் கேட்கிறது, உண்மை. டால்பி டிஜிட்டலில் 'டயலாக் நார்மலைசேஷன்' என்று ஒரு குறிப்பு ஒவ்வொரு டிராக்கோடும் போகிறது. வசனத்தின் சராசரி அளவு இவ்வளவு என்று அது பிளேயருக்குச் சொல்லும். பிளேயர் அதற்கேற்ப மொத்த ஒலியையும் இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் வால்யூம் திருகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. வழக்கமாக அங்கே -27 என்று விட்டுவிடுவார்கள். அதனால் 4 டெசிபல் குறைந்து கேட்கும். டிடிஎஸ் டிராக்கில் பொதுவாக இந்த இறக்கம் இல்லை. ஒரே கலவையை இரண்டிலும் போட்டாலும் டிடிஎஸ் 4 டெசிபல் உரக்க ஒலிக்கும். மனுஷக் காதுக்கு உரக்கக் கேட்பதே தரமாகப் படும். ரிமோட்டில் டால்பிக்கு மாற்றிவிட்டு வால்யூமை நாலு புள்ளி ஏற்றிக் கேட்கச் சொன்னேன். கேட்டான். "இருந்தாலும் டிடிஎஸ் டிடிஎஸ்தான்" என்றான். சுவரில் படித்தது மண்டையை விட்டுப் போகாது.

அட்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீடுகளில் அது எப்படி ஒலித்தது என்பதையும் பார்க்காமல் இந்த விமர்சனம் பாதிதான். இங்கே யாரும் ஜப்பான் கம்பெனி ரிசீவர் வாங்கிவிடவில்லை. ரேடியோ கடையில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்தான். டிரான்ஸ்ஃபார்மர், ஆறு ஆம்ப் போர்டு, நடுவில் ஒரு 5.1 ரிமோட் கிட், எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள். அந்தக் கிட்டைத் திறந்தால் பெரும்பாலும் பிடி2322, பிடி2323 என்று இரண்டு ஐசி தெரியும். முதலாவது ஆறு சேனலுக்கும் வால்யூம் பார்க்கும். இரண்டாவது, எந்த இணைப்பிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும். ஸ்டீரியோ கொடுத்தால் அதிலிருந்து ஆறு சேனல் தானாகச் செய்தும் கொடுக்கும். மில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் மாதத் தவணையில் வாங்கக்கூடிய விலையில் ஆறு ஸ்பீக்கரை அறையைச் சுற்றி வைத்துக் கொடுத்தது இந்தப் பெட்டிதான். ஆங்கிலத்தில் எழுதும் ஆடியோ ஆசாமிகள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தக் கிட்டின் பின்பக்கம் ஆறு சேனல் நேரடி இன்புட் இருக்கிறது. மலிவான டிவிடி பிளேயர்களின் முதுகிலும் ஆறு பின் இருந்தது, உள்ளே டால்பி டீகோடரும் இருந்தது. ஆறு ஒயர் செருகினால் போதும், முறையான 5.1 கிடைக்கும்.

செருகியதுதான் யாரும் இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பிளேயரோடு டப்பாவில் வந்த மூன்று ஒயர். மஞ்சள் டிவிக்கு, மற்ற இரண்டும் ஆம்புக்கு. பிளேயர் செட்டிங்கிலும் "டவுன்மிக்ஸ்: ஸ்டீரியோ" என்றுதான் இருக்கும். அதைப் போய் யார் பார்க்கிறார்கள்? நடப்பதைப் பாருங்கள். ஒலிப்பதிவாளர் ஐந்து சேனலாகச் செய்து வைத்ததைப் பிளேயர் இரண்டாகச் சுருக்குகிறது. சுருக்கும்போது நடுச் சேனலை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும். பின் சேனலையும் குறைத்துக் கலக்கும். சப் சேனலை வழக்கமாகத் தூக்கியே போட்டுவிடும். பிறகு அந்த இரண்டையும் ஐசி வாங்கித் தன் இஷ்டத்துக்கு ஆறாக விரிக்கிறது. பால்கோவாவைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதை மறுபடி காய்ச்சிப் பால்கோவா ஆக்குகிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். மோனோவை ஆறாக்கிய வட்டு என்றால் இன்னும் விசேஷம்: ஒன்று ஆறாகி, ஆறு இரண்டாகி, இரண்டு மறுபடி ஆறாகிறது. அந்த எதிரொலி எல்லாம் இந்தப் பயணத்தில் சேர்ந்த தூசி.

"பாட்டு சத்தமா இருக்கு, பேசுறது கேக்க மாட்டேங்குது" என்று வீட்டுப் பெண்கள் எல்லாரும் சொன்ன குறைக்கும் இந்தச் சுருக்கல் ஒரு காரணம். வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் இருக்கும் என்று நம்பித்தான் கலவை செய்தவர் பின்னணி இசையை அந்த அளவில் வைத்தார். அந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டால் வசனம் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறது.

குருதிப்புனலுக்கு வருகிறேன். டால்பி ஸ்டீரியோ முறையில் ஃபிலிமில் இருப்பது இரண்டே டிராக். ஆனால் அந்த இரண்டுக்குள் நான்கு சேனலை மடித்து வைத்திருப்பார்கள்: இடது, நடு, வலது, பின். இரண்டு டிராக்கிலும் ஒரே மாதிரி இருப்பது நடுவுக்குப் போகும். இரண்டிலும் எதிரெதிராக இருப்பது பின்னால் போகும். வீட்டில் இதை விரித்துக் காட்டும் சாதனத்துக்கு டால்பி ப்ரோ லாஜிக் என்று பெயர். 1987 இலிருந்து இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இந்த மடித்த இரண்டு டிராக் எந்தப் பாத்திரத்திலும் பயணம் செய்யும். ஒளிபரப்பில், விஎச்எஸ் கேசட்டில், டிவிடியின் 2.0 டிராக்கில், கொஞ்சம் அடிபட்டாலும் விசிடியில் கூட. ஆக அப்படிப்பட்ட ஒரு படத்தின் இரண்டு டிராக் கை படாமல் வட்டுக்கு வந்திருந்தால், அட்டையில் வெறும் "ஸ்டீரியோ" என்று போட்டிருந்தாலும் உள்ளே நிஜமான சரவுண்ட் இருக்கிறது. 5.1 என்று போட்ட மோனோ வட்டில் இல்லாதது, ஸ்டீரியோ என்று போட்ட வட்டில் இருக்கிறது.

ப்ரோ லாஜிக் இல்லாமலே இதைக் கேட்க ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒரு ஸ்பீக்கரை எடுத்து, ஆம்பின் இடது பிளஸ்ஸுக்கும் வலது பிளஸ்ஸுக்கும் நடுவே கட்டிவிட வேண்டும். இரண்டிலும் பொதுவாக உள்ளது கழிந்துபோய், வித்தியாசம் மட்டும் அதில் கேட்கும். டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் எழுபதுகளில் பிரபலப்படுத்திய இணைப்பு. நம்ம ரேடியோ கடைக்காரர்கள் அவர் பெயரைக் கேள்விப்படாமலே இதைச் செய்திருக்கிறார்கள். பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்பில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், ஐசி போய்விடும்.

அப்படியானால் பழைய மோனோ படத்தை என்னதான் செய்திருக்க வேண்டும்? ஒன்றும் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015 இல் சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றையும் ப்ளூ-ரேயில் கொண்டுவந்தது. 1993 இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகிய நெகட்டிவ்களிலிருந்து சட்டகம் சட்டகமாக மீட்டெடுத்த படங்கள். அவ்வளவு செலவு செய்து, ஏழு சேனல் வைக்க இடமுள்ள வட்டில், அவர்கள் வைத்த ஒலி என்ன தெரியுமா? மோனோ. சுருக்காத, சுத்தம் செய்த மோனோ. ரவி சங்கரின் சித்தாரை நம் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நம் வட்டுகளில் இந்த அடக்கம் அரிது. இதற்கு நான் தயாரித்தவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "மோனோ" என்று நேர்மையாகப் போட்ட சிடியைக் கடையில் யார் எடுத்திருப்பார்கள்? நானே எடுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஒலியோடு சம்பந்தப்பட்ட இன்னொரு கோளாறும் உண்டு, இதை அட்டையே சொல்லிவிடும், ஆனால் யாரும் படிப்பதில்லை. பால் என்று ஒரு வீடியோ முறை. (பால்கோவா ஞாபகம் வேண்டாம்.) சினிமா நொடிக்கு 24 சட்டகம், பால் முறை 25. பல நேரம் வேறு வழி பார்க்காமல் படத்தையே 25க்கு வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒலியும் கூடவே ஓடுவதால், திருத்தாமல் விட்டால் சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். ஜேசுதாஸ் குரல் கொஞ்சம் இளைத்துக் கேட்கும். சங்கீதம் தெரிந்தவர்கள் டிவிடியோடு சேர்ந்து வீணை வாசித்துப் பார்த்தால் எதோடும் சேராது. என்டிஎஸ்சி முறை வட்டில் இந்தத் தொல்லை இல்லை. நம்மூரில் இரண்டும் விற்றது. இளையராஜா பாட்டுக்காக வட்டு தேடுகிறவர்கள் 5.1 என்ற எழுத்தை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் அந்த வட்டுகளை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், எல்லாம் பொய் இல்லை என்பதால்தான். 1996க்குப் பிறகு டிஜிட்டல் சரவுண்டில் கலவை செய்த தமிழ்ப் படங்கள் ஏராளம். கன்னத்தில் முத்தமிட்டால் 2002 இல் வந்தது; ஒலிப்பதிவுக்காக எச். ஸ்ரீதரும் ஏ.எஸ். லக்ஷ்மிநாராயணனும் தேசிய விருது வாங்கினார்கள். ஸ்ரீதர் 2008 டிசம்பரில் இறந்துபோனார். அவர் மாதிரி ஆட்கள் ஐந்து சேனலில் எதை எங்கே வைத்தார்கள் என்பது ஒரு கலைஞனின் கையெழுத்து. அந்தக் காலத்துத் தியேட்டர் சிடி-ராம்கள் இப்போது எங்கும் ஓடுவதில்லை. தொலைக்காட்சியில் அந்தப் படங்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவில்தான் வருகின்றன. யூடியூபில் ஏற்றியிருப்பதும் பெரும்பாலும் இரண்டு சேனல். புதுப் படங்களுக்கு ஓடிடியில் 5.1, அட்மாஸ் எல்லாம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. 1996 முதல் 2008, 2010 வரை உள்ள அந்த இடைக்காலப் படங்களுக்கு, சாதாரண மனுஷன் வீட்டில் உட்கார்ந்து மூலக் கலவையைக் கேட்க இருக்கிற எளிய வழி இன்னும் டிவிடிதான்.

அந்த டிவிடிகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2007 இல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று இறக்கியபோது வீட்டுக்கு வீடு வாங்கினோம். 2018 இல் அந்தக் கம்பெனியையே கலைக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வாடகை சிடி கடைகள் செல்போன் கடைகளாகி ரொம்ப நாளாச்சு. ராஜபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கோணிப்பை நிறைய வட்டுகளைப் பார்த்தேன். அட்டைகளைத் தனியாகப் பேப்பர் எடைக்குப் பிரித்துவிட்டு, வட்டுகளை பிளாஸ்டிக் எடைக்கு வைத்திருந்தார்கள். அட்டை இல்லாத வட்டு எனக்கு இப்போதெல்லாம் ஒரு குறையாகத் தெரிவதில்லை. கிலோ கணக்கில் வாங்கி வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். சரிபார்க்கும் வழி சுலபம். கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் வேண்டும். இல்லையென்றால் வெளியில் மாட்டுவது மலிவாகவே கிடைக்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எத்தனை சேனல், எத்தனை கிலோபிட் என்று சொல்லும். அது பாத்திரம். உள்ளே இருப்பதைப் பார்க்க ஆடாசிட்டியில் எஃப்எஃப்எம்பெக் சேர்த்து ஒலியைத் திறந்து, பாட்டு, சண்டை, பேச்சு என்று மூன்று இடத்தில் ஆறு அலைகளையும் பாருங்கள். ஆறும் ஒரே அச்சாக இருந்தால் விட்டுவிடுங்கள். பின் சேனல் கோடாகக் கிடந்து திடீரென்று எழுந்தால் அது வைத்துக்கொள்ள வேண்டிய வட்டு. பாதுகாக்கும்போது எம்பி4 ஆக மாற்றாதீர்கள். பல மென்பொருள்கள் கேட்காமலே ஸ்டீரியோ ஆக்கிவிடும். மொத்த வட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வையுங்கள். ஒன்றுக்கு 4 முதல் 8 ஜிபி பிடிக்கும்.

பிளேயர் இன்னும் ஓடுகிறது என்றால் செட்டிங்கில் டவுன்மிக்ஸை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் ஆறு பின்னிலும் ஒயர் செருகுங்கள். கிட் ரிமோட்டில் "5.1 இன்புட்" என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்த வேண்டும்.

எனக்குத் தெரிந்த ரேடியோ கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கு ஆறு ஒயர் வேணும்லா தம்பி, யாரு காசு குடுப்பா?" என்றார். மூன்று ஜோடி ஏவி ஒயரை அவர் கடையிலேயே வாங்கினேன்.